‘யாருக்கு?’ என்று கேட்டவருக்கு

அருள்நிறை ஆலயத்தின் அணையா அகல்விளக்கே! இன்சொல்லால் இதயங்களை இணைத்த இறைபணிச் செம்மலே! இருபத்தொன்பது ஆண்டுகள் இளைப்பாறாது இயங்கிய ஏர்முனையே! எங்கள் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய உபதேசியார் ஐயா அவர்களே!

விளிப்பு இவ்வளவுதான், ஐயா. காரணம் உங்களுக்கே தெரியும். முதலில் எழுதிய மடலில் இப்படி நாற்பத்திரண்டு விளிகள் இருந்தன. திங்கட்கிழமை, ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியின் சாவியை ஒப்படைக்கச் சபை அலுவலகத்துக்கு வந்த நீங்கள், மேசைமேல் கிடந்த அந்தத் தாளை நின்றபடியே படித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றி, நீங்கள் எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டீர்கள்.

“இது யாருக்கும்மா?”

“உங்களுக்குத்தான் ஐயா.”

“எனக்கா? இந்த ஆளை நான் பார்த்ததே இல்லையே. பார்த்தா நானே ஒரு கும்பிடு போட்டுடுவேன் போல இருக்கே!”

சாவியை வைத்துவிட்டு நடையைக் கட்டினீர்கள். அந்த மடலைக் கிழித்தது இதை எழுதும் எழுத்தராகிய நானேதான். பதினான்கு பிரிவுபசார மடல்கள் எழுதிப் பழகிப்போன கை இது. ‘ஞானக்கடலே’ என்று நான்கு போதகர்களை விளித்திருக்கிறேன். அதில் ஒருவருக்கு ஞானம் கணுக்கால் அளவுகூட இருந்ததில்லை என்பது உங்கள் பிரிவுபசாரத்துக்காக இந்த மண்டபத்தில் கூடியுள்ள அனைவரும் அறிந்ததே. ஆகவே இது இரண்டாம் மடல். அலங்காரம் குறைவாக இருந்தால் பழி உங்களையே சாரும்.

முன்னரே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதை எழுதுகிற நாங்களும் களைத்திருக்கிறோம். மணியடித்துக் கதவு திறக்கும் கோயில் பணியாளருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஆர்கன் வாசிக்கும் அம்மையாருக்கு இடக்கையின் கடைசி இரு விரல்கள் மரத்துப்போகின்றன; கீழ்ச்சுரம் வர வேண்டிய இடத்தில் இப்போது இறைவனின் கிருபைதான் வருகிறது. எனக்குக் கண். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனை, வாரத்தில் இரண்டு அடக்கம், மாதத்தில் நான்கு கூட்டம். ஓய்வு பெறும் உங்களைப் பார்த்து எங்களுக்கு வருவது வருத்தமா, பொறாமையா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையில் நிற்கிறோம்.

உங்கள் உறவினரும் அயலாரும் வந்திருப்பதால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அவர்களுக்கும் புரியும்படி சொல்வது எங்கள் கடமை. எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்ததும் இருபது நிமிடம் ‘பகிர்வு வேளை’ உண்டு. ஆவியானவர் அவரவர்க்கு அளித்த வரம் எதுவோ, பாட்டோ, ஜெபமோ, சாட்சியோ, தரிசனமோ, அதை யாரும் எழுந்துவந்து சபைக்கு முன் வைக்கலாம். நீங்கள் பொறுப்பேற்ற காலத்தில் அந்த இருபது நிமிடம் ஐம்பது நிமிடமாய் நீண்டுகொண்டிருந்ததாம். ஒருவர் பாடி முடிக்குமுன் அடுத்தவர் ஜெபிக்க, அவர் ஆமென் சொல்லுமுன் மற்றொருவர் தரிசனம் சொல்ல, பின்வரிசையில் இருந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு நழுவினார்களாம்.

நீங்கள் யாரையும் திட்டவில்லை; ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினீர்கள். ஆராதனைக்கு அரை மணி முன்பு வெஸ்ட்ரியில், ஒரு கால் ஆடுகிற அந்த ஸ்டூலில் உட்காருவீர்கள். கொடுக்க ஏதேனும் உள்ளவர் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பீர்கள். “யாருக்கு?” இன்று இந்தப் பெஞ்சுகளில் உட்காரப்போகும் யாராவது ஒருவரைச் சொல்ல முடிந்தால் அவருக்கு இடம் உண்டு. சொல்ல முடியாவிட்டால், அல்லது சொன்ன ஆள் வரவில்லையென்றால், ஒரு வாரம் பொறுக்க வேண்டும். இவ்வளவுதான் உங்கள் சட்டம். இதற்காகவே சின்னப் பிள்ளைகள் உங்களுக்கு ‘யாருக்கு ஐயா’ என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் அதை உங்கள் முதுகுக்குப் பின்னால் மட்டும் சொன்னோம்.

இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அந்நாளில் பதினோரு நிமிடம் ஜெபிப்பார். நதி, மலை, ஆட்சியாளர், அறிவியல் முன்னேற்றம் எதுவும் தப்பாது. “யாருக்கு சார்?” என்றீர்கள். “கடவுளுக்கு!” என்றார் அவர், இதென்ன கேள்வி என்ற தோரணையில். “அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் சார். அவரை விட்டுட்டு வேற யாராவது?” அவர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் வாரம் வந்து, வேலை போன தம் பழைய மாணவன் ஒருவன் தூணுக்குப் பின்னால் உட்காருகிறான் என்றார். அன்று அவர் ஜெபித்தது மூன்றே வாக்கியம். தூணுக்குப் பின்னாலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அதன்பிறகு அவர் நதிகளை விட்டுவிட்டார்.

மருத்துவமனையில் தாதியாக இருக்கும் எங்கள் சகோதரியின் குரல் கண்ணாடி ஜன்னலை அதிரவைக்கும். அவர் கொண்டுவந்த பாட்டில் கடைசிச் சரணம் ஏணி வைத்தாலும் எட்டாத உயரம். “யாருக்கு?” “சபைக்கு ஐயா.” “சபைன்னா ரொம்பப் பேரு இருக்காங்களேம்மா. ஒருத்தரைச் சொல்லு.” யோசித்துப் பார்த்து, கண் அறுவை முடிந்து பாட்டுப் புத்தகம் படிக்க முடியாமல் இருந்த காய்கறிக்கார அம்மாவைச் சொன்னார். அவ்வளவுதான், பாட்டே மாறிவிட்டது. ஒவ்வொரு வரியாக அவர் முதலில் சொல்ல, சபை முழுவதும் கீழ்க்குரலில் திருப்பிப் பாடியது. புத்தகம் இல்லாமல் காய்கறிக்கார அம்மா முழுப் பாட்டையும் பாடினார். தம் குரலை யாரும் பாராட்டவில்லையே என்ற மனக்குறை தாதிக்கு இன்றளவும் கொஞ்சம் உண்டு. அவரே சொல்லச் சொன்னதால் எழுதுகிறோம்.

சலவைக் கடைச் சகோதரிக்கு, ஆவி நிறைந்து யாருக்கும் புரியாத மொழியில் பேசும் அந்நிய பாஷையின் வரம் வரும். அது வந்தால் அருகிலிருக்கும் பிள்ளைகள் மிரளும். அவரையும் நீங்கள் அடக்கவில்லை. “வர்றதை நான் தடுக்க மாட்டேன்மா. ஆனா பக்கத்துல இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி ஒரே ஒரு வரி சொல்லிட்டு உட்காருங்க” என்றீர்கள். அன்றிலிருந்து அவர் கண்ணீரோடு எழுந்து, “பயப்படாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்வார். அந்த ஒரு சொல்லுக்காகவே வருகிறவர்கள் இங்கே உண்டு.

பேச வராது என்று ஓரமாய் நின்ற மின்பணியாளரை நீங்கள் விட்டீர்களா? “உன் கையில என்ன இருக்கு?” என்றீர்கள். ஆஸ்துமாக்காரத் தாத்தாவின் பெஞ்சுக்கு மேலே நின்றுபோயிருந்த மின்விசிறியை அவர் சரிசெய்தார். அந்த ஞாயிறு பகிர்வு வேளையில், பாட்டுக்கும் சாட்சிக்கும் நடுவே, “இன்றைக்கு ஒரு மின்விசிறி” என்று அறிவித்துவிட்டு அமர்ந்தீர்கள். சபையே மேலே பார்த்தது. அது சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கும் ஒன்று உண்டு. எந்த வரமும் இல்லாதவள் நான் என்று ஒருநாள் உங்களிடம் அலுத்துக்கொண்டேன். “ஆராதனை ஒழுங்குத் தாள்ல எழுத்தை ஏன் பெருசாக்கினே?” என்று கேட்டீர்கள். பின்வரிசைப் பெரியவர்களுக்குக் கண் தெரியவில்லை, அதனால்தான் என்றேன். “அப்புறம் என்னத்துக்கு இந்தப் புலம்பல்?” என்று போய்விட்டீர்கள். அன்று முழுவதும் தட்டச்சுப் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நற்குணங்களை மட்டும் அடுக்கி நழுவிவிடுவது மடல்களின் மரபு. ஆனால் நீங்கள் செய்த ஒரு பிழையையும் சொல்லாவிட்டால், முதல் மடலைப் போல இதுவும் வேறு எவருக்கோ எழுதியதாகிவிடும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் கடைவீதித் தையற்காரர் வெஸ்ட்ரிக்கு வந்தார். அவரும் தம்பியும் இரண்டு மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர்கள். தம்பி இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. தம்பி வேலை செய்துகொண்டே பாடும் பாட்டொன்றைத் தாம் பாட வேண்டும் என்றார்.

“யாருக்கு?” என்றீர்கள்.

“எனக்குத்தான் ஐயா. பாடினா கொஞ்சம் மூச்சு விடலாம்னு தோணுது.”

அன்று உங்களுக்கு என்ன களைப்போ, மூன்றாம் ஆராதனை வேறு. “தனக்குன்னா வீட்டுல பாடலாமே. இந்த வாரம் பொறுங்க” என்றுவிட்டீர்கள். அவர் தலையசைத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியேறினார். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உங்கள் சட்டம் சரியாகத்தான் இருந்தது. அன்று அதைப் பிடித்த விதம்தான் தவறு. இதை நீங்களே எங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

அதன்பிறகு நடந்ததை உங்கள் துணைவியார், எங்கள் எல்லோருக்கும் அம்மாவாக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்மூடியவர், அலுவலகத்துக்கு வந்து என்னிடம் அடிக்கடி முறையிட்டார். “இந்த மனுஷன் சட்டையைப் போடுறாரா, இல்ல மெல்லுறாரா? வீட்டுல பட்டன் முழுசா இருக்கிற சட்டை ஒண்ணுகூட இல்ல. நான் தைச்சுத் தர்றேன்னாலும் கேக்கமாட்டேங்கறாரு, கடைக்குத்தான் எடுத்துட்டுப் போவாராம்!” ஒவ்வொரு வியாழக்கிழமையும் பட்டன் போன சட்டை ஒன்றோடு தையற்கடையில் போய் உட்கார்ந்தீர்கள். சபையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அவர் ஊசி கோத்தார், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவர் வந்து பக்கக் கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார். இன்றுவரை அதே இடம்தான். வெஸ்ட்ரிப் பக்கம் மட்டும் அவர் திரும்பியதே இல்லை.

அந்தப் பிழைக்குப் பின் உங்கள் சட்டத்தோடு நீங்களே ஒரு பாரத்தையும் சேர்த்துக்கொண்டீர்கள். ‘எனக்குத்தான்’ என்று சொல்லி வருகிற எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆராதனை முடிந்து வெஸ்ட்ரிக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் பாட்டையோ அழுகையையோ நீங்கள் ஒருவரே உட்கார்ந்து கேட்டீர்கள். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பின்பும் நீங்கள் அந்த ஆடுகிற ஸ்டூலில் இருந்தீர்கள். பத்து ஆண்டுகள் இப்படி நடந்தது. உங்களைப் பற்றி நாங்கள் கேட்டோமா என்றால், இல்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை, ஐயா. வெட்கத்தோடு எழுதுகிறோம்.

கடந்த மாத ஊழியர் கூட்டத்தில் போதகர் உங்கள் ஓய்வுக்குப் பின்னான திட்டம் என்னவென்று கேட்டார். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மடலில் எதையாவது எழுதுவதென்றால் இதை எழுது என்று நீங்களே சொன்னீர்கள்.

“திட்டம் ஒண்ணும் இல்ல ஐயா. நான் காலி. பாத்திரத்தைக் கவுத்து வெச்சாச்சு. அவ போனதுக்கப்புறம் எனக்குன்னு ஒரு வரி ஜெபம் வரமாட்டேங்குது. கடைசி நாள் முடிஞ்ச மறுநாள் ஞாயிறு, நான் கோயிலுக்கு வரமாட்டேன். யாரும் தேடி வராதீங்க. கொடுக்க ஒண்ணும் இல்லாதவன் பெஞ்சுல வந்து உக்காந்து என்ன பண்ணப்போறேன்? தூங்கப்போறேன்.”

 கோயில் பணியாளர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார், காற்றே அடிக்கவில்லை. அன்றுமுதல் எங்களுக்கு வேறு நினைப்பில்லை. சால்வையும் சட்டமிட்ட மடலும் கொடுத்து உங்களை அனுப்பிவைத்துவிட்டு, எல்லோரையும் கட்டியெழுப்பியவர் வீட்டில் தனியே சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, நாங்கள் இங்கே பாடிக்கொண்டிருப்பதா? வாருங்கள் என்று கெஞ்சவும் வாயெழவில்லை. களைத்தவரை இழுப்பது பாவம் என்று களைத்தவர்களுக்குத் தெரியாதா?

இந்தப் புதன்கிழமை தையற்காரர் அலுவலகத்துக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.

“உபதேசியார் போறாராமே?”

“ஆமாண்ணே. சனிக்கிழமை கூட்டம்.”

“இனிமே வெஸ்ட்ரியில யாரு உக்காருவாங்க?”

“இப்போதைக்கு நான்தான்.”

“அப்போ கேளுங்க.”

“எதை அண்ணே?”

“அவர் கேக்கறதை.”

இருபது வருடம் கேட்டுக் கேட்டுக் காது புளித்த கேள்வி, ஐயா. என் வாயால் ஒருமுறையும் கேட்டதில்லை.  “யாருக்குண்ணே?” என்றேன்.

“உபதேசியாருக்கு. அந்தப் பாட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. அன்னைக்கு யாருக்குன்னு சொல்லத் தெரியல. இப்போ தெரியுது.”

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். மடலில் எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க. நேர்ல சொல்ல எனக்கு வராது” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

“பட்டன் தானா அறுந்தா நூல் பிசிறு பிசிறா நிக்கும், துணியும் கொஞ்சம் இழுத்திருக்கும். அவர் கொண்டுவந்த சட்டையில எல்லாம் நூல் சுத்தமா இருந்துச்சு. பிளேடால வெட்டினது. முதல் வியாழக்கிழமையே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?”

“சொல்லிட்டா அடுத்த வியாழக்கிழமை வரமாட்டாரே.”

இதைச் சொல்லிவிட்டு அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். தம்பி போனபின் அந்த மூடிய மெஷின் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தானாம். ஒரு வசனம் சொல்லவில்லை, ஒரு ஜெபம் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தீர்களாம். உங்களுக்குச் சும்மா உட்காரவும் தெரியும் என்பதற்கு அவரே சாட்சி.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஆர்கன் அம்மையாரோடு அவர் பயிற்சி செய்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: சுருதி நிற்கவில்லை. இரண்டாம் சரணத்தில் குரல் உடைகிறது. அம்மையார் மரத்துப்போன விரல்களோடு அவருக்காக இரண்டு கட்டை இறக்கி வாசிக்கிறார். நாளைய பகிர்வு வேளையில் முதல் இடம் அவருக்கு என்று என் கையால் எழுதியாகிவிட்டது. இதோ, இந்த மண்டபத்திலும் அவர் பக்கக் கதவருகேதான் நிற்கிறார், தலையைக் குனிந்துகொண்டிருப்பவர்.

ஆகவே பெருமதிப்பிற்குரிய ஐயா, உங்கள் சட்டத்தை உங்களுக்கே நினைவூட்டுகிறோம். சொன்ன ஆள் பெஞ்சில் இல்லாவிட்டால், கொண்டுவந்தவர் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதை ஏற்படுத்தியவர் நீங்கள். தளர்த்த எங்களுக்கு அதிகாரம் இல்லை. நாளை நீங்கள் வராவிட்டால் அவர் பாட முடியாது. ஏற்கெனவே பதினோரு ஆண்டு பொறுத்துவிட்டார். கொடுக்க ஒன்றும் இல்லாதவன் வந்து என்ன செய்வது என்று கேட்டீர்களே, இத்தனை ஆண்டு எங்களிடம் நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் விடையாகப் பெஞ்சில் ஒருவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாரே! கண் தெரியாத காய்கறிக்கார அம்மா என்ன கொண்டுவந்தார்? தூணுக்குப் பின்னால் இருந்தவர் என்ன கொண்டுவந்தார்? அவர்கள் வந்ததால்தானே எங்கள் வரங்களுக்கு வேலை கிடைத்தது! நாளை அந்த இடம் உங்களுடையது. ஜெபம் வராவிட்டால் வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். தூக்கம் வந்தால் பெஞ்சிலேயே தூங்குங்கள். தலைமையாசிரியர் ஜெபிக்கும்போது பலர் செய்ததுதான்.

நீடூழி வாழ்க, நூறாண்டு காண்க என்று முடிப்பது முறை. இவ்வளவு அசந்துபோன ஒருவரைப் பார்த்து நூறு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. முதலில் இன்று நன்றாக உறங்குங்கள். காலையில் முதுகு வலிக்காமல் எழுந்திருங்கள். வாய்க்கு ருசிப்பதைச் சாப்பிடுங்கள். அப்படியே ஒவ்வொரு நாளாக, அலுக்காமல், நோயில்லாமல், எங்கள் கண்முன்னே நெடுநாள் இருங்கள். உங்களைத் தாங்கிய தேவன் இனியும் தாங்குவாராக.

ஆராதனை எட்டரை மணிக்கு. இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு, மின்விசிறிக்கு நேர் கீழே. வெஸ்ட்ரியைப் பூட்டி வைத்திருப்போம். அந்தப் பக்கம் போகக் கூடாது. சட்டையில் பட்டன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாருங்கள், ஐயா.

என்றும் உங்களுக்குக் கடன்பட்ட,
கோயில் பணியாளர்,
ஆர்கன் வாசிப்பவர்,
பாடகர் குழுவினர்,
ஞாயிறு பள்ளி ஆசிரியைகள்,
மற்றும் இதை இரண்டு முறை எழுதிய எழுத்தர்.